என்பினுள் நிகழும் உரையாடல்

குழந்தைகள் மருத்துவ விடுதியொன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. சில திங்களுக்கு முன்னர் முகம் வெளிறி, காய்ச்சலால் நலிந்து, தோலிலே கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றிய நிலையிற் கொண்டுவரப்பட்ட சிறுவன் ஒருவன், இன்று அந்த விடுதியின் விறாந்தையிலே ஓடி விளையாடுகின்றான். அவனுடைய குருதியைச் சோதித்தவர்கள் குறையொன்றுங் காணவில்லை. என்பு மச்சையிற் சிறிதளவை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோதும் நோய்க்கலம் எதுவுந் தென்படவில்லை. ஆயினும் மருத்துவர் பெற்றோரை அழைத்து, இன்னும் இரண்டாண்டுக் காலம் மருந்தை இடைவிடாது கொடுத்து வருதல் வேண்டும் என்கின்றார். தாய் திகைக்கின்றாள். “பிள்ளைக்குத்தான் சுகமாகிவிட்டதே, ஐயா. பிறகும் ஏன் இந்தக் கடுமையான மருந்து?” என்று கேட்கின்றாள்.

அந்தத் தாயின் வினா எளியதொரு வினாவன்று. குருதிப் புற்றுநோயை ஆராய்ந்த அறிஞர்கள் பல்லாண்டு காலமாகத் தம்மைத் தாமே வினவிக்கொண்ட வினாவும் அதுவே. காணாமற்போன நோய், சில வேளைகளில் ஓராண்டோ ஈராண்டோ கழித்துத் திரும்பி வருவது எங்ஙனம்? அது அவ்வளவு காலமும் எங்கே ஒளிந்திருந்தது? யார் அதற்கு இடங்கொடுத்தார்? யார் அதற்கு உணவூட்டினார்? இவ்வினாக்களுக்குரிய விடை, மனிதனுடைய என்புகளின் உள்ளே, கலங்களுக்கும் அவற்றின் அயலுக்கும் இடையே ஓயாது நிகழும் ஓர் உரையாடலிற் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றது.

முதலில் அந்த அயல் எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும். என்பு என்றவுடன் கல்லைப் போன்ற உயிரற்ற பொருளொன்று பலருடைய நினைவுக்கு வரும். ஆனால், மார்பென்பு, இடுப்பென்பு, முள்ளந்தண்டு, விலாவென்பு ஆகியவற்றின் உள்ளே கடற்பஞ்சு போன்ற துளைகள் உள்ளன. அத்துளைகளிலே சிவந்த, மென்மையான பொருளொன்று நிறைந்திருக்கின்றது. அதுவே செம்மச்சை. குருதியின் பிறப்பிடம் அதுவே. வளர்ந்த மனிதர் ஒருவரின் மச்சையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி செங்குழியங்கள் பிறக்கின்றன. ஒவ்வொரு செங்குழியமும் 120 நாள் வரை உழைத்து மடிகின்றது. மடிந்தவற்றின் இடத்தை நிரப்புவதற்கு மச்சை இரவு பகலாகத் தொழிற்படுகின்றது. கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களும், குருதிப் பெருக்கைத் தடுக்கும் சிறுதட்டுக்களும் அங்கேயே உருவாகின்றன. இவை யாவற்றுக்கும் தாயாக விளங்குவது மூலக்கலம் எனப்படும் சிறுபான்மைக் கலமாகும். அது பிரிந்து தன்னைப் போன்ற மற்றொரு மூலக்கலத்தைத் தோற்றுவிக்கவும் வல்லது. பிரிந்து முதிர்ந்து குருதிக் கலமாக மாறவும் வல்லது.

இத்தொழிற்சாலையிலே பிழை நேரும்போது தோன்றுவதே குருதிப் புற்றுநோய். 1845ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் ஜோன் ஹியூஸ் பெனற் என்பவரும், பேர்லின் நகரில் ருடோல்வ் விர்கோ என்பவரும், ஒருவரிலிருந்து ஒருவர் தனித்து, இந்நோயால் இறந்தவர்களின் குருதியிலே வெண்ணிறக் கலங்கள் அளவுகடந்து பெருகியிருந்ததை விவரித்தனர். விர்கோ பின்னர் அதற்கு வெண்குருதி என்று பொருள்படும் லூக்கேமியா என்னும் பெயரைச் சூட்டினார். எனினும் அந்தக் கலங்கள் எங்கிருந்து வந்தன என்பது அப்போது விளங்கவில்லை. 1868ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பேர்க் நகரப் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் நொய்மன், குருதிக் கலங்கள் என்பு மச்சையிலே பிறக்கின்றன என்று அறிவித்தார். அதன்பின்னரே, குருதியிற் காணப்படும் இந்த நோய்க்கு என்பு மச்சை ஊற்றாக இருக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றிற்று.

நோயின் ஊற்றை அறிந்த பின்னரும், அதனைத் தடுக்கும் மருந்து நெடுங்காலம் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டிலே பொஸ்டன் நகரக் குழந்தை மருத்துவ அறிஞர் சிட்னி ஃபாபர், அமினோப்ரெறின் என்னும் மருந்தினாற் சில குழந்தைகளுக்கு இந்நோய் தற்காலிகமாகத் தணிந்ததை வெளியிட்டார். அம்மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பராவ் தலைமைதாங்கிய லெடர்லி ஆராய்ச்சிச்சாலையிலிருந்து வந்ததாகும். குழந்தைகள் எழுந்து நடமாடினர், பெற்றோர் மகிழ்ந்தனர். ஆனால் சில திங்களில் நோய் மீண்டது. தணிதல் வேறு, தீர்தல் வேறு என்னும் கசப்பான பாடத்தை மருத்துவ உலகம் அன்று கற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து இன்றுவரை அடைந்த முன்னேற்றம் பெரிது. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் கடுமையான நிணநீர்க்கல வகைக் குருதிப் புற்றுநோயில், நல்ல மருத்துவ வசதிகள் வாய்ந்த நாடுகளிலே பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் இன்று பிழைக்கின்றனர். ஆனால் முதியோரைப் பெரிதும் தாக்கும் மச்சைக்கல வகையில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. அந்த வகையிலே, நோய் தணிந்தவர்களுட் பலருக்கு அது திரும்பி வருகின்றது. இதற்கு ஓர் எளிய கணக்கு விளக்கந் தரும். நோய் கண்டறியப்படும் வேளையில் உடலில் ஓர் இலட்சங் கோடி நோய்க்கலங்கள் வரை இருக்கலாம். மருந்து அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொன்றொழித்தாலும், எஞ்சியவை ஆயிரங் கோடி. நுணுக்குக்காட்டியின் கீழ் மச்சை தூய்மையாகத் தோன்றும் வேளையிலும் அத்துணைப் பெருந்தொகை மறைந்திருக்கக் கூடும். மறைந்திருப்பவை எங்கே, எப்படிப் பிழைத்தன என்பதே கேள்வி.

இக்கேள்விக்குரிய முதற் குறிப்பு வேறொரு நோயிலிருந்து வந்தது. 1889ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஸ்டீவன் பஜெற், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் சவப்பரிசோதனைக் குறிப்புக்களை ஆராய்ந்தார். நோய் உடலெங்கும் கண்டபடி பரவவில்லை. ஈரல் முதலாய சில உறுப்புக்களையும் சில என்புகளையுமே அது நாடிச் சென்றது. வித்து எத்திசையிலும் வீசப்படலாம். ஆனால் ஏற்ற நிலத்தில் வீழ்ந்தாலன்றி அது முளைப்பதில்லை என்று அவர் விளக்கினார். வித்தை ஆராய்வோர் பலராக இருந்த காலத்திலே, நிலத்தையும் ஆராய்க என்று சொன்னவர் அவர். செம்மண்ணிலே செழிக்கும் பயிர் உவர்நிலத்தில் வாடுவதை அன்றாடங் காணும் உழவருக்கு இவ்வுண்மை புதியதன்று. ஆயினும் மருத்துவ உலகம் அதன் முழுப் பொருளையும் உணர்வதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

1961ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரில், ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ட் மக்கலக் என்னும் இருவர், கதிர்வீச்சால் மச்சை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சைக் கலங்களைச் செலுத்தினர். பத்து நாளளவிலே அவற்றின் மண்ணீரலிற் சிறு சிறு கணுக்கள் தோன்றின. ஒவ்வொரு கணுவும் ஒரேயொரு கலத்தின் வழித்தோன்றல் என்பது ஈராண்டுகளிற் புலனாயிற்று. மூலக்கலம் என்பது வெறுங் கற்பனையன்று என்பதை இச்சோதனை நிறுவிற்று. அதனைத் தொடர்ந்து இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரிலே மைக்கேல் டெக்ஸ்டர், மச்சையின் குருதிக் கலங்களை உடலுக்கு வெளியே நெடுநாள் உயிருடன் வைத்திருக்க முயன்றார். கண்ணாடிக் குடுவையிலே தனியே விடப்பட்டால் அவை நிலைத்திருக்கவில்லை. ஆனால் மச்சையின் தாங்கு கலங்கள் குடுவையின் அடியிலே பாய் விரித்தாற்போலப் படர்ந்த பின்னர், அந்தப் பாயின் மீது அவை பல வாரங்கள் வாழ்ந்து பெருகின. 1977ஆம் ஆண்டிலே வெளியான இவ்வாராய்ச்சி, துணையின்றி மூலக்கலம் வாழாது என்பதைக் காட்டிற்று.

அடுத்த ஆண்டிலே, அதே நகரில் ஆராய்ச்சி நடத்திய றே ஸ்கோபீல்ட் ஒரு கருத்தை முன்வைத்தார். மூலக்கலம் மூலக்கலமாகவே நிலைத்திருப்பது அதன் பிறப்பினால் மட்டுமன்று, அது குடியிருக்கும் இடத்தினாலுமாம் என்றார் அவர். சுவரிலே விளக்கு வைப்பதற்கென அமைந்த மாடத்தைப் போல, மச்சையினுள்ளே மூலக்கலத்துக்கென அமைந்த மாடங்கள் உள்ளன. மாடத்தில் இருக்கும்வரை அது இளமை குன்றாது இருக்கும். மாடத்தை விட்டு நீங்கினால் முதிர்ந்து குருதிக் கலமாக மாறும். காற்று வீசும் முற்றத்திலே அணைந்துபோகும் சுடர், மாடத்துள் நின்று எரிவதைப் போன்றது இது. 2003ஆம் ஆண்டில் எலிகளில் நடத்திய இரு தனித்தனி ஆராய்ச்சிகள், என்பாக்கும் கலங்களின் தொகை கூடும்போது மூலக்கலங்களின் தொகையும் கூடுவதைக் காட்டியபோது, ஸ்கோபீல்ட் கருதிய மாடம் கண்ணுக்குப் புலனாகும் பொருளாயிற்று.

இம்மாடத்தின் அயலவர் யாவர்? என்பை ஆக்கும் கலங்கள் ஒரு சாரார். மெல்லிய குருதிக் குழாய்களின் உட்சுவராக அமைந்த கலங்கள் இன்னொரு சாரார். கொழுப்பாகவோ என்பாகவோ மாறவல்ல தாங்கு கலங்கள் மற்றொரு சாரார். கொழுப்புக் கலங்களும், நோயெதிர்ப்புக் கலங்களும், மூளையின் கட்டளைகளைக் கொண்டுவரும் நரம்பு நுனிகளும் உடனுள்ளன. இவர்கள் அனைவரும் மூலக்கலத்தோடு ஓயாது பேசிக்கொண்டிருக்கின்றனர். “பிரியாதே, உறங்கு” என்பது ஒரு சொல். “குருதி குறைந்துவிட்டது, எழுந்து பெருகு” என்பது மற்றொரு சொல். “இங்கேயே இரு” என்பதும் ஒரு சொல்லே. நலமுள்ள மச்சையிலே இவ்வுரையாடல் ஒழுங்குடன் நிகழ்கின்றது. குருதிப் புற்றுநோய்க் கலம் செய்வது யாதெனில், இந்த உரையாடலினுள் தானும் புகுந்து, மூலக்கலத்துக்கென்று சொல்லப்பட்ட சொற்களைத் தனக்குரியனவாகக் கேட்டுக்கொள்வதாகும்.

கலங்களுக்கு வாயில்லை, செவியில்லை. எனினும் அவை பேசும் வழிகள் உள. அவற்றை மூன்றாக வகுக்கலாம். தூரத்திலிருந்து கூவி அழைத்தல் ஒன்று. தொட்டுப் பற்றிக்கொள்ளுதல் இரண்டாவது. பொருளைக் கைமாற்றுதல் மூன்றாவது.

முதலாவதாகிய அழைப்பை நோக்குக. மச்சையின் தாங்கு கலங்கள் சி.எக்ஸ்.சி.எல். 12 எனப்படும் சிறு புரதமொன்றை வெளிவிடுகின்றன. மலரின் மணம் வண்டை ஈர்ப்பதைப் போல, அப்புரதம் மூலக்கலங்களை ஈர்க்கின்றது. அதை உணர்ந்துகொள்வதற்காக மூலக்கலத்தின் மேற்பரப்பிலே சி.எக்ஸ்.சி.ஆர். 4 என்னும் வாங்கி அமைந்திருக்கின்றது. பெரும்பாலான குருதிப் புற்றுநோய்க் கலங்களும் இதே வாங்கியை உடையன. ஆதலால் மூலக்கலத்தை வீட்டுக்கு அழைக்கும் குரல் நோய்க்கலத்தையும் அழைத்துவிடுகின்றது. 2005ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர், உயிருள்ள எலியின் மண்டையோட்டு மச்சையினுள்ளே நோய்க்கலங்கள் செல்லும் வழியை நுண்ணிய ஒளிக்கருவிகளாற் பின்தொடர்ந்தனர். குருதிக் குழாய்கள் எங்கும் பரந்திருக்க, அந்தக் கலங்கள் எல்லா இடத்திலுந் தங்கவில்லை. இந்த அழைப்புப் புரதம் செறிந்திருந்த குறித்த சில குழாய்ப் பகுதிகளிலேயே அவை ஒதுங்கின. பஜெற் கூறிய ஏற்ற நிலம் அங்கே கண்முன் தெரிந்தது.

இரண்டாவது வழி தொடுதல். கலங்களின் புறத்தே கொளுக்கிகள் போன்ற புரதங்கள் உள. அவற்றாற் கலம் அயற்கலத்தையும், கலங்களுக்கிடையிலுள்ள நார்ப்பொருளையும் பற்றிக்கொள்கின்றது. பற்றுதல் வெறும் பிடிப்பு மட்டுமன்று; அதுவும் ஒரு செய்தியே. பற்றிக்கொண்ட கலத்தினுள்ளே, “நீ தனித்தில்லை, இறக்க வேண்டா” என்னும் குறிப்புக்கள் செல்கின்றன. 2003ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர், வி.எல்.ஏ. 4 என்னும் கொளுக்கியைக் கொண்ட நோய்க்கலங்கள் பைபுறோநெக்ரின் என்னும் நார்ப்புரதத்தைப் பற்றியிருக்கும்போது மருந்துக்கு அஞ்சாது பிழைப்பதைக் கண்டனர். 2006ஆம் ஆண்டில் ரொறன்ரோ ஆராய்ச்சியாளர் சி.டி. 44 என்னும் மற்றொரு கொளுக்கியைத் தடுத்தபோது, எலிகளிலே செலுத்தப்பட்ட மனித நோய்க்கலங்கள் தமக்குரிய இடத்தைச் சென்றடைய மாட்டாது அழிந்தன. கட்டவிழ்ந்த தோணி கரையிலே தங்காதது போல, பிடிப்பிழந்த நோய்க்கலமும் தங்குவதற்கு இடமின்றித் தவிக்கின்றது.

மாடத்தில் இடம்பிடித்த நோய்க்கலம் அங்கே மற்றொரு வரத்தையும் பெறுகின்றது. அதுவே உறக்கம். பெரும்பாலான புற்றுநோய் மருந்துகள், விரைந்து பிரியுங் கலங்களையே கொல்லும் இயல்பின. உறங்குங் கலம் பிரிவதில்லை. ஆதலால் மருந்தின் கண்ணிற் படுவதில்லை. 2007ஆம் ஆண்டில் யப்பானிலே எலிகளில் நடத்திய ஆராய்ச்சியில், மனித மச்சைக்கல வகைப் புற்றுநோயின் மூலமான கலங்கள் என்பின் உட்சுவரை அடுத்த பகுதியில் ஒதுங்கி, உறங்கிய நிலையில் மருந்தைக் கடந்து பிழைத்தமை காணப்பட்டது. கோடையிலே காய்ந்து கிடக்கும் கோரைப்புல்லின் கிழங்கு, மாரி மழை வீழ்ந்தவுடன் முளைவிடுவதை நேயர்கள் அறிவர். மேலே தழை இல்லை என்பதனால் அடியிற் கிழங்கும் இல்லை என்று உழவர் எவரும் முடிவுகட்டுவதில்லை.

மூன்றாவது வழி, பொருளைக் கைமாற்றுதல். இதற்கு அஸ்பரசீன் என்னும் அமினோவமிலத்தின் கதை நல்ல சான்று. நிணநீர்க்கல வகைப் புற்றுநோய்க் கலங்களுட் பல, இந்தப் பொருளைத் தமக்கு வேண்டிய அளவு தாமே ஆக்கும் ஆற்றல் அற்றவை. ஆதலால் மருத்துவர்கள் அஸ்பரசினேசு என்னும் நொதியத்தைக் கொடுத்து, குருதியிலுள்ள அஸ்பரசீனைச் சிதைத்துவிடுகின்றனர். நோய்க்கலங்கள் உணவின்றி மடிகின்றன. ஆனால் 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகர ஆராய்ச்சியாளர் கண்டது யாது? மச்சையின் தாங்கு கலங்கள் தாமே அஸ்பரசீனை ஆக்கி, அயலிலுள்ள நோய்க்கலத்துக்கு அளிக்கின்றன. கோட்டையை வெளியே முற்றுகையிட்டு உணவை மறித்திருக்கையில், உள்ளிருந்தவர்களே பகைவனுக்குச் சோறிட்ட கதையாயிற்று இது. ஆயினும் தாங்கு கலத்தைப் பழிப்பதற்கில்லை. வந்தவரை உபசரிப்பது அதன் கடமை. வந்தவர் யார் என்பதை அறியும் ஆற்றல் அதற்கு இல்லை.

இதனினும் வியப்பான கைமாற்றம் ஒன்று உண்டு. பெரும்பாலான கலங்களினுள்ளே இழைமணி எனப்படும் நுண்ணுறுப்புக்கள் உள்ளன. கலத்துக்குச் சத்தியை வழங்கும் அடுப்புக்கள் அவையே. 2016ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டிலும் வெளிவந்த ஆராய்ச்சிகள், மச்சைக்கல வகைப் புற்றுநோய்க் கலங்கள் தம் அயலிலுள்ள தாங்கு கலங்களின் இழைமணிகளையே வாங்கிக்கொள்கின்றன எனக் காட்டின. இரு கலங்களுக்கும் இடையே தோன்றும் மிக நுண்ணிய குழல் வழியே அவை செல்கின்றன. இங்கிலாந்தின் நொறிச் நகர ஆராய்ச்சியாளர், நோய்க்கலம் தாக்கமிகுந்த ஒட்சிசன் வடிவமொன்றை வெளியிட்டு, அதனால் அயற்கலத்தைத் தூண்டி இழைமணிகளைப் பெறுவதை விளக்கினர். அவர்களே, நோய்க்கலம் அருகிலுள்ள கொழுப்புக் கலத்தை அதன் கொழுப்பைக் கரைத்துத் தரும்படி தூண்டுவதையுங் கண்டனர். அயல் வீட்டிலே நெருப்புக் கேட்டு வாங்கிய காலமொன்று உண்டு; இந்த நோய்க்கலமோ அடுப்பையே பெயர்த்துச் செல்கின்றது.

உரையாடல் என்பது இருபக்கமும் நிகழ்வதாகும். நோய்க்கலம் கேட்பதோடு நில்லாது, தானும் பேசுகின்றது. புரதங்களையும் பரம்பரைச் செய்திகளின் துணுக்குகளையும் மிகச் சிறிய பொதிகளாகக் கட்டி அது வெளிவிடுகின்றது. அவற்றை ஏற்றுக்கொண்ட அயற்கலங்களின் இயல்பு மாறுகின்றது. என்பாக்கும் கலங்கள் தம் தொழிலிற் குன்றுகின்றன. மூலக்கலத்தைப் பேணும் புரதங்களின் அளவு குறைகின்றது. 2014ஆம் ஆண்டிலே வெளியான எலி ஆராய்ச்சிகள், நோய்க்கலங்கள் மச்சையின் நரம்பு நுனிகளையும் சேதப்படுத்தி, அதனால் மாடத்தின் ஒழுங்கு குலைவதைக் காட்டின. இவ்வாறு நாளடைவில் மாடம் நோய்க்கு ஏற்றதாகவும், நல்ல மூலக்கலத்துக்கு ஒவ்வாததாகவும் மாறிவிடுகின்றது. மாமரத்திலே பற்றிய குருவிச்சை, மரத்தின் சாற்றை உறிஞ்சித் தான் தழைத்து, மரத்தின் கொப்பை வாடவிடுவதைப் போன்றது இது. நோயாளர் முகம் வெளிறுவதும், கிருமி நோய்களுக்கு எளிதில் ஆளாவதும், சிறு காயத்திலுங் குருதி பெருகுவதும், நல்ல குருதி பிறக்கும் இடம் பறிபோனமையின் விளைவுகளேயாம்.

இங்கே மற்றொரு வினா எழுகின்றது. வித்துக் கெட்டதனால் நிலம் கெட்டது என்பது சரி. நிலம் கெட்டதனால் வித்துக் கெடுவதும் உண்டோ? 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிகளிலே ஒரு சோதனை நடத்தப்பட்டது. குருதிக் கலங்களிற் கைவைக்காது, என்பாக்கும் இளங்கலங்களிலிருந்து டைசர் என்னும் ஒரேயொரு பரம்பரையலகை மட்டும் நீக்கினர். அந்த எலிகளின் குருதி உற்பத்தி சீர்குலைந்தது. சிலவற்றிற் குருதிப் புற்றுநோயுந் தோன்றிற்று. எலியிற் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லுதல் முறையன்று. பெரும்பாலான குருதிப் புற்றுநோய்கள் குருதிக் கலத்தின் பரம்பரைப் பொருளில் நேரும் மாற்றத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆயினும், அயலின் சீர்கேடு வெறும் விளைவாக மட்டுமன்றி, சில வேளைகளிற் காரணமாகவும் அமையக்கூடும் என்பதை இச்சோதனை உணர்த்திற்று.

இவ்வளவும் அறிந்த பின்னர், அந்த உரையாடலை அறுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. பிளெரிக்சபோர் என்னும் மருந்து சி.எக்ஸ்.சி.ஆர். 4 என்னும் வாங்கியை அடைத்துவிடுகின்றது. அழைப்புக் குரல் கேளாத கலங்கள் மாடத்தை விட்டு நீங்கிக் குருதியினுள் வருகின்றன. மூலக்கலங்களைச் சேகரித்து மீளச் செலுத்தும் சிகிச்சையிலே பயன்படுத்துவதற்கு 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதே முறையால் நோய்க்கலங்களை மறைவிடத்திலிருந்து வெளியேற்றி, வெளியே வந்தவற்றை மருந்தாற் கொல்லலாம் என்று கருதிய மருத்துவர்கள் நோயாளர்களிடத்தே அதனைச் சோதித்தனர். நோய்க்கலங்கள் வெளியே வந்தமை உண்மை. ஆனால் அதுவே பொதுச் சிகிச்சையாக நிலைபெறத்தக்க வெற்றியை அது இன்னும் ஈட்டவில்லை. குருதிக் குழாய்ச் சுவரிலுள்ள ஈ-செலெற்றின் என்னும் பற்றுப் புரதத்தைத் தடுக்கும் யூப்புறொலெசெலன் என்னும் மருந்தும், பெருந்தொகை நோயாளரிடத்தே நடந்த சோதனையிலே ஆயுளைத் தெளிவாக நீட்டவில்லை என்று 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இத்தடைகளுக்குக் காரணம் விளங்காததன்று. முதலாவது, நோய்க்கலம் பேசும் மொழி அதற்கென்று தனியே அமைந்த மொழியன்று. நல்ல மூலக்கலம் பேசும் அதே மொழியாகும். நோயின் வாயை அடைக்கும்போது நலத்தின் வாயும் அடைபடுகின்றது. இரண்டாவது, வழி ஒன்றன்று, பல. அழைப்பை மறித்தால் பிடிப்பு இருக்கின்றது. பிடிப்பை அறுத்தால் உணவு கிடைக்கின்றது. வேலியிலே ஒரு பொட்டை அடைத்தால் மாடு மறுபொட்டால் நுழைவதை அறிந்த தோட்டக்காரர், வேலி முழுவதையும் ஒருமிக்க நோக்குவதைப் போலவே, ஆராய்ச்சியாளரும் இன்று பல வழிகளை ஒருங்கே ஆராய்கின்றனர். நோய்க்கலம் மட்டும் நம்பியிருந்து, நல்ல கலம் நம்பியிராத சொல் எது என்பதே அவர்களது தேடல்.

அந்தத் தேடல் முடியும்வரை மருத்துவம் கைகட்டி நிற்கவில்லை. மறைந்திருக்கும் நோயைக் கண்டறியும் சோதனைகள் பெரிதும் நுண்மை பெற்றுள்ளன. பத்தாயிரம் மச்சைக் கலங்களினிடையே ஒரேயொரு நோய்க்கலம் இருப்பினும் அதனை இன்று கண்டுபிடிக்கலாம். அச்சோதனையின் முடிவைக் கொண்டு, எந்த நோயாளருக்கு மருந்தின் வலுவைக் கூட்டுதல் வேண்டும், எவருக்குக் குறைக்கலாம் என்று மருத்துவர்கள் தீர்மானிக்கின்றனர். யாவற்றுக்கும் மேலாக, நீண்ட காலப் பராமரிப்புச் சிகிச்சை குழந்தைகளிடத்தே நல்ல பயனைத் தந்துள்ளது. உறங்குங் கலம் என்றும் உறங்கிக்கொண்டே இராது. எஞ்சியிருப்பது என்றோ ஒரு நாள் விழித்துப் பிரியத் தொடங்கும். அது விழிக்கும் நாளில் மருந்து அங்கே காத்திருத்தல் வேண்டும்.

தொடக்கத்திற் குறிப்பிட்ட தாயின் வினாவுக்குரிய விடையும் இதுவே. பிள்ளை ஓடி விளையாடுவது உண்மை; குருதி தூய்மையாக இருப்பதும் உண்மை. ஆயினும் அவனுடைய என்பினுள்ளே, கண்ணுக்கெட்டாத மாடமொன்றில், அயலவரின் உபசரிப்பிலே ஒரு சில நோய்க்கலங்கள் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றுக்கு இடங்கொடுத்த அயல் தீயதன்று. அது தனது கடமையைச் செய்கின்றது. கசப்பான மருந்தைத் தொடர்ந்து ஊட்டும் பெற்றோரும், பிள்ளை சுகமடைந்து விட்டான் என்ற மகிழ்ச்சியிலே மருந்தை இடைநடுவில் நிறுத்திவிடாது, தமது கடமையைச் செய்வார்களாக. அந்த இரண்டாண்டுக் காலப் பொறுமை வீணானதன்று. என்பினுள்ளே நிகழும் உரையாடலில் நோய் பேசும் இறுதிச் சொல்லையும் ஒடுக்குவதற்கு, இன்று மனிதர் கையிலுள்ள உறுதியான கருவிகளுள் அதுவும் ஒன்றாகும்.